"சார், இதுக்கு எத்தனை நாள் கழியும்?" – சிறைத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிறைத்துறை அமைச்சர் அவர்களுக்கும், உள்துறைச் செயலாளர் அவர்களுக்கும், சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்து மூன்று வருடம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதற்குப் பிறகு ஆறு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மத்திய சிறையில் வகுப்பு எடுத்தேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்கு அ, ஆ. எட்டாவதோடு பள்ளியை விட்டவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் நிறுத்தினேன். எந்தச் சிறை என்று இங்கே எழுதவில்லை. அங்கே தினமும் எனக்குக் கதவு திறந்துவிட்ட காவலர்களும், கைக்காசில் நோட்டு வாங்கி வந்து கொடுத்த ஓர் அதிகாரியும் என் மரியாதைக்கு உரியவர்கள். நான் கேட்க வந்தது, சிறைக்குள் படிப்பவருக்குத் தண்டனையைக் குறைக்கும் விதியைப் பற்றி.

ஒரு நாளைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு முடிவு வந்திருந்தது. மதிப்பெண் பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். மாணவர்களில் ஒருவர் வெளியே பெயின்டராக இருந்தவர், வயது முப்பத்தெட்டு. ஏழு வருடத் தண்டனையில் மூன்று வருடம் முடிந்திருந்தது. கணக்கில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை 41 வாங்கியிருந்தார். அவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் ஒரு கைதிதான், பி.எஸ்சி. படித்த ஆயுள் கைதி. பெயின்டர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். தன் பெயரை விரல் வைத்துப் படித்தார். அப்புறம் அப்பா பெயரைப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "சார், இதுக்கு எத்தனை நாள் கழியும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அலுவலகத்தில் கேட்டேன். "படிப்புக்காக சிறப்பு ரெமிஷன் கொடுக்க இடம் இருக்கு சார். எழுதி மேலே அனுப்பணும், அவங்க பார்த்துச் சொல்லணும்" என்றார்கள். அடுத்த மாதமும் அதே பதில். அதற்கடுத்த மாதமும் அதே. நாலாவது மாதம் அவரே என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டார். தினமும் கேட்டுத் தொல்லை கொடுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வெளியே இருந்து இதைப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரெமிஷன் என்றால் தண்டனைக் குறைப்பு. ஒழுங்காக நடந்துகொண்டால் மாதத்துக்கு இத்தனை நாள், கொடுத்த வேலையைச் சரியாகச் செய்தால் இத்தனை நாள் என்று தண்டனையில் கழியும். 1894ஆம் ஆண்டு சிறைச் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனக்கான விதிகளை எழுதிக்கொண்டது. நம்முடையது 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு சிறை விதிகள். ஒவ்வொரு கைதிக்கும் ஹிஸ்டரி டிக்கெட் என்று ஒன்று உண்டு. என்றைக்கு வந்தார், என்ன வேலை கொடுத்தார்கள், என்ன தப்பு செய்தார், எத்தனை நாள் ரெமிஷன் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் ஏறும். தன் மகனின் பிறந்த தேதியை யோசித்துச் சொல்லும் கைதிகூட, தன் ரெமிஷன் கணக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது. எழுத்தறிவு வகுப்பில் பாயின் முதல் வரிசையில் உட்காரும் ஒருவர், விவசாயக் கூலி. ‘ஒ’வுக்கும் ‘ஓ’வுக்கும் உள்ள அந்தச் சின்னச் சுழி பிடிபட்ட நாளில் வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தவர். ஒரு வாரம் ஆளைக் காணோம். விசாரித்தால் சமையல்கட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். விடிவதற்கு முன்பே அடுப்புப் பற்றவைக்கும் வேலை. ஒருநாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது கேட்டேன். "கிச்சன்ல ஞாயித்துக்கிழமையும் வேலை சார். அதனால ரெமிஷன் கூட ஏறும். பாப்பாவுக்கு எட்டு வயசு. பத்து வயசுக்குள்ள வீட்டுக்குப் போயிரணும்" என்றார். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், ஏதோ எனக்குத் துரோகம் செய்துவிட்டது போல.

அவர் போட்ட கணக்கில் தப்பே இல்லை. சோறாக்கினால் நாள் குறையும், எழுதப் படித்தால் குறையாது என்று விதி அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சமையலுக்கும் துப்புரவுக்கும் இரவுக் காவலுக்கும் கூடுதல் நாள் கொடுப்பது நியாயம்தான். 2016இல் மத்திய உள்துறை கொண்டுவந்த மாதிரிச் சிறைக் கையேடும் அதையே பரிந்துரைக்கிறது. கல்வியிலோ தொழிற்பயிற்சியிலோ சிறந்து விளங்கினால் சிறப்பு ரெமிஷன் கொடுக்கலாம் என்றும் அந்தக் கையேட்டில் இருக்கிறது. ஆனால் சிறந்து விளங்குவது என்றால் என்ன? இரண்டு முறை தவறி மூன்றாம் முறை 41 வாங்குவது அதில் சேருமா? அதை யார் சொல்வது, எப்போது சொல்வது? எண் இல்லாத ஒரு வாக்குறுதியை நம்பி யாரும் கையிலிருக்கும் நாட்களை விட்டுவிட்டு வகுப்புக்கு வரமாட்டார்கள்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். எந்தப் படிப்பை, எந்தப் பயிற்சியை முடித்தால் தண்டனையில் எத்தனை நாள் குறையும் என்பதை விதியிலேயே எண்ணாக எழுதுங்கள். முடித்த அன்றே அது ஹிஸ்டரி டிக்கெட்டில் ஏறட்டும். யாரும் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலை வேண்டாம்.

இதில் நாம் முதல் ஆளாக இருக்கப்போவதில்லை. மகாராஷ்டிரச் சிறைகளில் பட்டப்படிப்பு போன்றவற்றை முடிப்பவர்களுக்கு 90 நாள் வரை குறைக்கிறார்கள். பிரேசில் நாட்டில் 2011இல் திருத்திய சட்டப்படி, 12 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு நாள் குறையும். அந்த 12 மணி நேரம் குறைந்தது மூன்று நாளில் பரவியிருக்க வேண்டும், ஒரே நாளில் உட்கார்ந்து கணக்குக் காட்ட முடியாது. பள்ளிப் படிப்பையோ கல்லூரிப் படிப்பையோ முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால், படிப்பினால் சேர்ந்த நாட்களோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். என் வகுப்பு வாரத்துக்கு ஆறு மணி நேரம் நடந்தது. பிரேசில் கணக்குப்படி பார்த்தால் என் மாணவருக்கு வருடத்துக்கு 26 நாள். மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் வீட்டுக்குப் போக நினைத்த அந்த மனிதருக்கு 26 நாள் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே நாட்டில் புத்தக வாசிப்புக்கும் நாள் உண்டு. ஒரு புத்தகத்தைப் படித்து, அதைப் பற்றித் தன் கையால் எழுதிக் கொடுத்து, அதை ஒரு குழு பார்த்து ஏற்றுக்கொண்டால் நாலு நாள். வருடத்துக்குப் பன்னிரண்டு புத்தகம், ஆகக்கூடி 48 நாள். இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய ‘கூண்டுக்குள் வானம்’ திட்டம்தான் நினைவுக்கு வந்தது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ஓர் அரங்கு போட்டு, சிறை நூலகங்களுக்குப் புத்தகம் கொடுங்கள் என்று மக்களிடம் கேட்டது. மக்களும் அள்ளிக் கொடுத்தார்கள். நானும் ஒரு பை நிறையக் கொடுத்தேன். ஆக, புத்தகம் உள்ளே போயாகிவிட்டது, வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாலு பக்கம் எழுதச் சொல்லி, திருத்த ஓர் ஆசிரியரை உட்கார வைத்து, நாலு நாள் குறைப்பதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்? என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கூப்பிட்டால் வருவார்கள்.

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் கையெழுத்தான ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டப்படி, அந்நாட்டு மத்திய அரசின் சிறையில் உள்ள தகுதியுள்ள கைதி ஒருவர் சீர்திருத்தப் பயிற்சியில் 30 நாள் கலந்துகொண்டால் 10 நாள் சேரும். மறுபடி குற்றம் செய்யும் அபாயம் குறைவு என்று மதிப்பிடப்பட்டு அப்படியே நீடித்தால் இன்னும் 5 நாள். ஆனால் எந்த நாளை எப்படி எண்ணுவது என்ற இறுதி விதி 2022 ஜனவரியில்தான் வந்தது. அந்த மூன்று வருடமும் எத்தனையோ பேர் தங்கள் கணக்கு தெரியாமல் உள்ளே காத்திருந்தார்கள். நாம் செய்யும்போது அறிவிப்பை முதலில் விட்டுவிட்டுக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

இதனால் ஊருக்கு என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் எண். அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் முப்பது வருட ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சிறையில் படித்தவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்புவது மற்றவர்களைவிட 13 சதவீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. நம் ஊர் அமெரிக்கா இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் கையில் ஒரு சான்றிதழோடு வெளியே வருபவருக்கும் வெறுங்கையோடு வருபவருக்கும் உள்ள வித்தியாசம் எந்த ஊரிலும் ஒன்றுதான்.

இனி, நாம் இப்போது எப்படி விடுவிக்கிறோம் என்பதைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும். அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் 1,405 ஆயுள் கைதிகள் விடுதலை ஆனார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்காக 2018இல் பத்து வருடம் முடித்த ஆயுள் கைதிகளை விடுவிக்க ஆணை வந்தது. 2021இல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 பேரின் முன்விடுதலை அறிவிக்கப்பட்டது. இவற்றில் ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். அப்படி வெளியே வந்த ஒருவர் இன்று எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறார். என் சட்டைகளை அவரிடம்தான் கொடுக்கிறேன். ஆனால் உள்ளே இருந்து பார்த்தால் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் பிளாக் முழுக்க ஒரே பேச்சு. இந்தத் தடவை எந்த செக்‌ஷன் வரும், எந்தத் தேதி வரை கணக்கு எடுப்பார்கள். குறித்த தேதிக்குப் பத்து நாள் குறைந்ததால் பட்டியலில் வராத ஒருவர், அன்றிரவு சோற்றுத் தட்டைத் தொடாமல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்ததை மறுநாள் அவருடைய நண்பர் எனக்குச் சொன்னார். அந்தப் பத்து நாளைச் சம்பாதிக்க அவருக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. ஐந்து வருடம், ஏழு வருடம் என்று குறிப்பிட்ட காலத் தண்டனையில் இருப்பவர்களோ அந்தப் பேச்சிலேயே சேரமாட்டார்கள். எங்கள் பெயின்டர் அவர்களில் ஒருவர்.

விடுதலை முழுக்க அரசின் விருப்பமாக இருந்தால் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. பில்கிஸ் பானு என்ற பெண்ணைக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் தண்டனை பெற்ற 11 பேரைக் குஜராத் அரசு முன்கூட்டி விடுவித்ததை 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். ஆனால் அதைக் காட்டியே ரெமிஷன் என்றாலே அநியாயம் என்று சிலர் பேசத் தொடங்கியபோது பயந்தேன். அங்கே நடந்தது யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கதவு திறந்த கதை. இத்தனை மணி நேரம் படித்தார், இந்தத் தேர்வில் தேறினார், ஆகவே இத்தனை நாள் என்று எழுதி வைத்துவிட்டால் அந்த மாதிரி ஆட்டத்துக்கு இடம் குறையும்.

ஆயுள் கைதிகள் விஷயத்தில் உங்கள் கைகள் ஓரளவு கட்டப்பட்டிருப்பது எனக்குத் தெரியும். மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவர் 14 வருடம் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவு சேர்ந்தது. அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அது 475ஆம் பிரிவு. தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 161ஆம் பிரிவு வழியாக அரசு அதைத் தாண்டிப் போக முடிகிறது. விழாக்கால விடுதலைகள் அப்படி வந்தவைதான். சரி, 14 வருடம் ஆன பிறகாவது அவர் படித்தது எடையில் ஏற வேண்டாமா? 2022 மே மாதம் பேரறிவாளனை விடுவித்தபோது உச்ச நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னவற்றில், அவர் சிறைக்குள்ளிருந்து பெற்ற கல்வித் தகுதியும் ஒன்று. அந்த வழக்கில் எந்தப் பக்கம் நிற்பவரும் அந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: முன்விடுதலைக் கொள்கை இருக்கும் மாநிலத்தில், தகுதி வந்த கைதியோ உறவினரோ மனு போடாவிட்டாலும் அரசே எடுத்துப் பரிசீலிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், மனு எழுதித்தர ஆள் இல்லாதவர், வீட்டில் கைகழுவிவிட்டவர் எல்லோரையும் நினைத்துச் சொன்ன உத்தரவாகவே அதைப் படித்தேன்.

இதைச் செய்தால் போலிச் சான்றிதழ் வரும், காசு கொடுத்து வருகைப் பதிவு வாங்குவார்கள் என்று அதிகாரி ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் தேறினார் என்று சொல்லும் அதிகாரம் சிறைக்குள் இருக்கக் கூடாது என்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிறது. பட்டப் படிப்புக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் இருக்கின்றன. தொழிற்பயிற்சிக்கு ஐ.டி.ஐ. முறையில் வெளியாள் வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுக்கட்டும். நாட்களின் கணக்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கட்டும். கைதியின் கையில் ஒரு நகல் இருக்கட்டும். சேர்ந்த நாளைக் குறைக்க வேண்டுமானால் அவரிடம் விளக்கம் கேட்டு, காரணத்தை எழுதிவிட்டுக் குறைக்கட்டும்.

தொழில் என்று சொன்னதும் ஒன்று. வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்த காலத்தில் சிறை வேலை என்பது உடம்பை முறிக்க வைத்தது. இன்று கோவையில் துணி நெய்கிறார்கள், வேலூரில் காவலர்களுக்கு ஷூ தைக்கிறார்கள், பல ஊர்களில் கைதிகளே பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள். இந்த மாற்றத்துக்காக உங்கள் துறையை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் எட்டு வருடம் ஷூ தைத்தவர் வெளியே போய் வேலை கேட்டால், எங்கே கற்றாய் என்ற கேள்விக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும். வேலையைப் பயிற்சியாக்கி, பயிற்சியைத் தேர்வாக்கி, தேர்வுக்கு நாள் கொடுத்துவிட்டால் எல்லாம் ஒரே நூலில் கோத்துவிடும்.

எல்லோருக்கும் அந்த வகுப்பு கிடைக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியச் சிறைகளில் வேலை ஒதுக்குவதில் சாதி பார்ப்பதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது. ஒருவருக்கு நூலகமும் ஒருவருக்கு விளக்குமாறும் என்று ஒதுக்கிவிட்டு, அப்புறம் படித்தவருக்கு நாள் என்றால் பழைய அநியாயத்துக்கே புதிய கூலி கொடுத்தது ஆகும். பெண்கள் சிறையில் தையலுக்கு மேல் என்ன பயிற்சி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளிக்கு அவர் மொழியில் எழுத்தறிவு வகுப்பு வேண்டும். கண் மங்கிய அறுபது வயதுக்காரருக்கு முதலில் ஒரு கண்ணாடி வேண்டும். என் வகுப்பில் மூன்று பேருக்கு எழுத்து வராததற்குக் கண்தான் காரணமாக இருந்தது. விசாரணைக் கைதிகளையும் விடக் கூடாது. 2022ஆம் ஆண்டுத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நூற்றுக்கு 75.8 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை வந்தால் விசாரணைக் காலத்தில் இருந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கச் சட்டம் இருக்கிறது. அந்தக் காலத்தில் படித்ததையும் அதோடு எண்ணினால் என்ன?

போதைப்பொருள் வழக்குகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 32ஏ பிரிவு பெரும்பாலான தண்டனைகளுக்கு ரெமிஷனே கிடையாது என்கிறது. கஞ்சாப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவரும் ரெமிஷன் இல்லாமல் முழுக் காலத்தையும் கழிக்கிறார்; அவரை அனுப்பியவர் பல நேரம் பிடிபடுவதே இல்லை. இதை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனால் சீர்திருத்தப் படிப்பை முடித்தவர்களுக்காவது விலக்கு வேண்டும் என்று மத்திய அரசுக்கு எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.

பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் நான் நேர்மையானவன் இல்லை. எங்கள் தெருவில் ஓர் அம்மா இருக்கிறார். தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் அவருடைய மகனைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். நான் சிறைக்குப் பாடம் எடுக்கப் போகிறேன் என்று தெரிந்த நாளில் வாசலில் என்னை நிறுத்தினார். "ஏன் சார், என் புள்ளயக் கொன்னவனுக்கும் நீங்கதான் பாடம் சொல்லித் தர்றீங்களா?" என்றார். அவன் வேறு சிறையில் இருந்தான். அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. "அவன் என் வகுப்புக்கு வந்தால் சொல்லித்தருவேன் அம்மா" என்றேன். இரண்டு வருடம் அவர் என்னிடம் பேசவில்லை. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். பிறகு ஒருநாள் அவரே வந்து, அவன் எப்போது வெளியே வருவான் என்று யாரைக் கேட்டால் தெரியும் என்றார். பழிவாங்க இல்லை. திடீரென்று தெருமுனையில் அவனைப் பார்த்துவிட்டால் நெஞ்சு நின்றுவிடும் என்று பயம். அவருக்கு அதைச் சொல்ல ஒரு அதிகாரியும் இல்லை.

அதனால் விதி எழுதும்போது இதையும் எழுதுங்கள். எத்தனை நாள் குறைந்திருக்கிறது, எப்போது விடுதலை என்பதைப் பாதிக்கப்பட்ட குடும்பம் விரும்பினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில குற்றங்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகள் மேல் நடந்த பாலியல் குற்றங்களுக்கு, நாள் குறைப்பு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அவர்களையும் வகுப்பில் உட்காரவிடுங்கள் என்று மட்டும் கேட்பேன். என்றாவது ஒருநாள் அவர்களும் வெளியே வரத்தான் போகிறார்கள்.

எத்தனை நாள் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எழுத்தறிவுக்கு 20, பத்தாவதுக்கு 45, பட்டத்துக்கு 90 என்று என் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைவிடக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. சுவரில் ஒட்டும்படி, ஒரு தாளில், தமிழில், எண்ணாக இருந்தால் போதும். சட்டசபையில் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மத்திய உள்துறை 2023இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சிறைச் சட்டத்தை எப்போது எடுத்துக்கொள்வது என்பதை அரசு பார்த்துக்கொள்ளட்டும். விதியைத் திருத்துவதற்கு 1894 சட்டத்திலேயே அதிகாரம் இருக்கிறது.

எங்கள் பெயின்டர் முழுக் காலமும் இருந்துவிட்டு வெளியே போனார். பத்தாவது தேறியதற்காக ஒரு நாளும் குறையவில்லை என்று அவரே போனில் சொன்னார். சமையல்கட்டுக்குப் போனவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். எனக்குப் பிறகு வகுப்பு எடுக்கும் இளைஞர் போன வாரம் சொன்ன செய்தி இது: அவர் சமையல்கட்டிலிருந்து திரும்பி வந்து, சாயங்காலக் கணக்கெடுப்புக்கு முந்தைய அரை மணி நேரம் மட்டும் மறுபடி பாயில் உட்காருகிறாராம். பெருவிரல் ரேகை வைத்த இடத்திலெல்லாம் இப்போது கையெழுத்துப் போடுகிறாராம். அடுத்த ஏப்ரலில் எழுத்தறிவுத் தேர்வு எழுதப் பெயர் கொடுத்திருக்கிறார். தேர்வு முடிவு வரும் அன்று அவரும் அந்த இளைஞரிடம் அதே கேள்வியைக் கேட்பார். அதற்குள் பதிலை எழுதி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியர்